சகேயுவுக்கு மஞ்சள் தொப்பி

சர்ச் பாலர் வகுப்புக்கு டீச்சராகப் புதிதாக வந்து சேர்ந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீங்க, நான் என்னையே நம்புவதில்லை. வாரம் முழுக்கப் பம்ப்செட் கம்பெனியில் சேல்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் நாலு வயசுப் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து ஆபிரகாம் தாடிக்குக் கலர் அடிக்கிற வேலை என்று பாதி ஆயுளை ஓட்டியவன் நான். போன வருடம் என் முழங்கால் இரண்டும் சேர்ந்து ராஜினாமாக் கொடுத்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் என்னைத் தூக்கி நிறுத்த மூன்று வாலிபர்கள் வேண்டியிருக்கிறது. அதில் ஒருவன் நிச்சயம் சிரிப்பான். ஆகவே ஓய்வு.

வகுப்பு இனி உங்களுடையது. கிரேயான் டப்பாவும் உங்களுடையது. அதில் ரோஸ் கலர் மட்டும் ஏன் எப்போதும் பாதியாக இருக்கிறது என்று கேட்காதீங்க. தின்றுவிடுகிறார்கள். ஆரம்பித்து வைத்தது யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவன் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான், விட்டுவிடுவோம்.

கலர் அடிக்கும் தாளைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. ஆராதனை முடியும் வரைக்கும் பொடிசுகள் சத்தம் போடாமல் இருக்க அது ஒரு வழி என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கதையைச் சொல்ல வேண்டியது, தாளைக் கொடுக்க வேண்டியது, கோட்டைத் தாண்டாமல் அடி சாமி என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியது. ஆனால் குழந்தை அந்தத் தாளைப் படமாகப் பார்ப்பதில்லை. இப்படிச் செய் என்று நாம் அச்சடித்துக் கொடுத்த உத்தரவாகப் பார்க்கிறது.

ஒரு தடவை ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை: இயேசு ஜெபம் பண்ணிப் பிட்டுக் கொடுத்து, ஐயாயிரம் பேர் சாப்பிட்டும் பன்னிரண்டு கூடை மிச்சம். பொடிசுகள் மீனுக்குப் பச்சைக் கலரெல்லாம் அடித்து முடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு ஒரு பையன் வாசலிலேயே என்னை மடக்கினான்.

"அங்கிள், ஸ்கூல்ல டிபன் பாக்ஸைத் தொறந்து, ஜெபம் பண்ணி, இட்லியப் பிச்சு எல்லார்த்துக்கும் குடுத்துப்போட்டேனுங்க."

"நல்ல புள்ள!"

"எனக்கே பத்தலீங்க. அந்தப் பன்னெண்டு கூடை எங்கீங்க?"

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறவன் முகம் அப்படித்தான் இருக்கும். இன்னொரு தடவை, சுற்றி வந்து சத்தம் போட்டதும் இடிந்து விழுகிற எரிகோ மதில். கதை முடிந்ததும் கும்பலாக வெளியே போய், புதிதாகக் கட்டியிருந்த எங்கள் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றி வந்து கத்தினார்கள். அந்தச் சுவர் அடுத்த மாதமே விரிசல் விட்டது. நான் கான்ட்ராக்டரைத்தான் சந்தேகப்படுகிறேன், இருந்தாலும் முழுசாக அடித்துச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு பட்டும் புத்தி வராமல் நான் சகேயுவிடம் போய் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

மே மாதம், சரவணம்பட்டியில் எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி. அதை முழுசாக உச்சரிப்பதற்குள் லீவே முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் விபிஎஸ் என்கிறோம். பாலர் வகுப்புக்கு என்னையும் ஷைனி என்ற காலேஜ் பெண்ணையும் போட்டிருந்தார்கள். சர்ச்சை ஒட்டி ஒரு ஷெட், அதில் பாய் விரித்து வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் கேட், கேட்டை ஒட்டி ரோட்டின் மேல் குடை பிடித்தாற்போல ஒரு புங்கமரம்.

அன்று காலையில் ஜெனி என்ற நாலு வயசுப் பொடிசை அவள் அம்மா கொண்டுவந்து விட்டாள். பக்கத்து ஐ.டி. பார்க்கில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, யாரு வந்து கேட்டாலும் விட்றாதீங்க. எங்க மாமனாரே வந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுட்டுத்தானுங்க. கண்ட கண்ட மெசேஜா வருது, பயமா இருக்குது. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"ரிசர்வ் பேங்க் மாதிரி பாத்துக்கறேன் அம்மணி," என்றேன்.

அவள் வண்டி திரும்பிய இடத்தில்தான் அந்த வெள்ளை ஆம்னி வேனைப் பார்த்தேன். புங்கமர நிழலில் நின்றது. பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுருள் சுருளாகக் கறுப்பு ஒயர். வெளியே ஒரு ஆள், நாற்பது வயசு இருக்கும், தலையில் மஞ்சள் ஹெல்மெட், மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"ஏனுங்க சார், புள்ளைங்க எத்தன மணிக்குங்க வெளிய வரும்?"

நான் கேட்டை மறித்து நின்றுகொண்டேன்.

"எதுக்குங்க?"

"இல்லீங்க, எந்தப் பக்கமா வரும்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

ஃபைபர் இன்டர்நெட் ஒயரை இழுக்கிறவர், கேட்டுக்கு மேலே ஒயர் போகிறது, பிள்ளைகள் வரும்போது கீழே தொங்கக்கூடாதே என்று கேட்டிருக்கிறார். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. போனில் வந்த அத்தனை பயமுறுத்தல் மெசேஜும் ஒன்றாக எழுந்து கைதட்டின. "சாயங்காலம் ஆயிருங்க," என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன். சர்ச் வாசலில் நின்றுகொண்டு.

உள்ளே வந்தும் நிம்மதி இல்லை. கதை சொல்ல ஆரம்பித்தேன். சகேயு குள்ளம். வரி வசூல் பண்ணுகிறவர், ஊரே அவரைச் சந்தேகத்தோடு பார்க்கும். இயேசு வருகிறார் என்று தெரிந்து ஓடுகிறார், கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறார். இயேசு அந்த மரத்தடியில் நின்று, மேலே பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார்.

"அங்கிள், காட்டத்தி மரமுன்னா என்னங்க?" என்றது ஒரு பொடிசு.

காட்டத்தியை நான் எங்கே கண்டேன்? ஆனால் பாலர் வகுப்பில் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் மோசே கடலைப் பிளந்ததையும் நம்பமாட்டார்கள். அவர்கள் பக்கம் பார்த்தபடியே கையை மட்டும் ஜன்னல் பக்கம் நீட்டினேன்.

"அதா, வெளிய நிக்குதே, அந்த மாதிரி ஒரு மரம்."

அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வாயும் பிளந்தன. ஒருவர்கூட மூச்சு விடவில்லை. இத்தனை வருடத்தில் என் கதைக்கு அப்படி ஒரு அமைதியை நான் கண்டதே இல்லை. சபாஷ்டா, இன்றைக்கு உனக்கு நாவில் அபிஷேகம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் மரத்தின் மேல் நிஜமாகவே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வகுப்பில் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

தாள்களைக் கொடுத்தோம். மரம், மேலே சகேயு, கீழே இயேசு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சுற்று வந்தேன். ஜெனி, சகேயுவின் தலைப்பாகையில் மஞ்சள் கிரேயானை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பாகையையும் தாண்டி, வட்டமாக, நெற்றிக்கு முன்னால் ஒரு விளிம்பு வேறு.

"கண்ணு, கோட்டத் தாண்டி அடிக்கிறயே? தலைப்பாகை எங்காச்சும் இப்படி இருக்குமா?"

"தொப்பிங்க அங்கிள்."

"சகேயு தொப்பி போடமாட்டாரு சாமி."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் என்னைப் பார்த்தாள். நாலு வயசுக் குழந்தை ஒரு பெரிய மனிதனைப் பார்த்துப் பரிதாபப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன செய்ய, அந்த நேரத்தில் எனக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. வேன் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஏதாவது என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டாமா? கையில் கிடைத்த ஆரஞ்சு கிரேயானை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே போனேன், வேன் பின்னால் நின்று நம்பரை உள்ளங்கையில் எழுதினேன், பூனை மாதிரியே திரும்பி வந்தேன். கேட்டைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. கொக்கி போட்டது ஞாபகம் இல்லை, ஏனென்றால் போடவில்லை.

ஷைனி இரண்டு பேரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போயிருந்தாள். நான் ஜூஸ் கேனோடு மல்லுக்கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். ஜூஸ் கொடுக்கும்போது தலையை எண்ணுவது நம் வழக்கம். எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன், நின்றுகொண்டிருந்த தம்ளரையும் சேர்த்து எண்ணியிருப்பேன் போலிருக்கிறது, சரியாக வந்தது. ஷைனி வந்து எண்ணினாள். ஒன்று குறைந்தது. ஜெனி இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. மரத்தடியில் ஆள் இல்லை, நிழலில் வேன் இல்லை.

பயம் வந்தால் மனிதன் எப்படித் தேடுவான் என்று சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்க. பாயைத் தூக்கிப் பார்த்தேன். கீபோர்டு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜூஸ் கேனுக்குள் எட்டிப் பார்த்தேன். "அண்ணா, நூறுக்குப் போன் போடுங்க," என்று ஷைனி கத்தினாள். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்து நூறு என்று அடித்துவிட்டு, யாரும் எடுக்கவில்லையே என்று காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள்தான் போன் செய்தாள். கையை விரித்துப் பார்த்தேன். வியர்வையில் நம்பர் கரைந்து, உள்ளங்கை முழுக்க ஆரஞ்சாக ஒரு சூரிய அஸ்தமனம்.

"ஜெனி எங்கடா?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்.

"சகேயு ஊட்டுக்குப் போயிட்டாளுங்க," என்றான் இட்லிக்காரனின் தம்பி.

"வெளையாடாதீங்கடா! எங்க போனா?"

"சகேயு ஊட்டுக்குங்க," என்றது இன்னொன்று, ஜூஸ் குடித்துக்கொண்டே.

கதை கேட்ட மயக்கத்தில் உளறுகிறார்கள் என்று விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். எதிர் முக்கில் பேக்கரி. கோயமுத்தூரில் சர்ச் இல்லாத தெரு இருக்கலாம், பேக்கரி இல்லாத முக்கு கிடையாது. அங்கே பைக்குகளின் மேல் ஏழெட்டு இளவட்டங்கள் டீயும் பஃப்ஸுமாக உட்கார்ந்திருந்தார்கள். புள்ளையக் காணோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வெளியே வந்தது இது.

"புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க! வெள்ளை ஆம்னி! மஞ்ச ஹெல்மெட்டு!"

பார்த்தீங்களா? காணோம் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். தூக்கிட்டுப் போயிட்டான் என்பது காலையிலிருந்து நான் தயாராக வைத்திருந்த விஷயம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

"எந்தப் பக்கமுங்கண்ணா?" என்றான் தாடி வைத்த ஒருவன். நல்ல ஆகிருதி, ஜிம்முக்குப் போகிற உடம்பு.

"சத்தி ரோடு! கோவில்பாளையம் பக்கம்!" என்றார் பேக்கரிக்காரர். அவர் வேன் போனதைப் பார்த்திருக்கிறார்.

பாதி கடித்த பஃப்ஸைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் பறந்தார்கள். ஒருவன் போகும்போதே சொன்னது என் காதில் விழுந்தது: "மாட்டட்டும், கைய ஒடச்சுப்போட்டுத்தான் மத்ததெல்லாம்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஷெட்டுக்குத் திரும்பி வந்தால், ஷைனி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கண்ணுக்கு நேராக அவள் கண். அவசரமே இல்லாத மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சகேயு எங்க இருந்தாரு சாமி?"

"மரத்துல."

"எந்த மரத்துல?"

ஏழெட்டுக் கை ஜன்னலைக் காட்டின.

"அப்புறம்?"

"ஜெனி போயி, எறங்கி வாங்க, இன்னிக்கு உங்க ஊட்டுக்கு வாரேன்னு சொன்னாங்க. அவரு எறங்கீட்டாரு."

ஷைனி கீழே கிடந்த ஜெனியின் தாளை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தலைப்பாகை இல்லை அது. ஹெல்மெட். விளிம்போடு, அப்படியே. பக்கத்தில் மரக்கிளையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு தாளின் ஓரம் வரைக்கும் போனது. ஒயர்.

"அண்ணா," என்றாள் ஷைனி, "அந்தாளு கூட்டீட்டுப் போகலீங்க. இவளேதான் போயிருக்கா. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ."

அப்போதுதான் எனக்கு பைக் சத்தம் மறுபடியும் மண்டைக்குள் கேட்டது. பிள்ளை ஒரு பக்கம். இப்போது ஒரு ஆளின் கையும் ஒரு பக்கம். அந்தக் கை உடையப் போவது என் வாயால்.

அவ்வளவு நேரம் போனே அடிக்காமல் இருந்தது, அப்போது அடித்தது. ஜெனியின் அம்மா. வாசலில் நின்ற யாரோ சொல்லியிருக்கிறார்கள். எடுத்தேன். "சத்தி ரோட்டுக்கு வா அம்மணி," என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஷைனியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். என் எடைக்கு அந்த வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக் கும்பிட்டது. நான் கிளப்பிவிட்ட சந்தேகத்தை நானே துரத்திக்கொண்டு போனேன். அது பைக்கில் போகிறது, நான் ஸ்கூட்டியில் போகிறேன்.

குரும்பபாளையம் தாண்டி ஒரு வளைவில் கூட்டம். பைக்குகளைக் குறுக்கே போட்டு வேனை நிறுத்தியிருந்தார்கள். ஒயர்க்காரரை வெளியே இழுத்து வேனோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தான் தாடிக்காரன். சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. மஞ்சள் ஹெல்மெட் ரோட்டோரம் உருண்டு கிடந்தது.

"புள்ள எங்கடா?"

"எந்தப் புள்ளைங்க? சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க! வண்டில ஒயர்தானுங்க இருக்குது!"

யாரோ பக்கத்துக் கதவை இழுத்தார்கள். ஒயர்ச் சுருளுக்கு நடுவில், கோழி அடைகாக்கிற மாதிரி, ஜெனி உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் கிரேயான்.

கூட்டம் வேனுக்குள் எட்டிப் பார்த்தது. அவரும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். தெரியாது என்று சத்தியம் பண்ணின வாய் மூடுவதற்குள் பிள்ளை வண்டிக்குள் இருக்கிறது. இனி உலகத்தில் யார் நம்புவார்கள்? தாடிக்காரனின் கை மேலே போயிற்று.

நான் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நடுவில் போய் விழுந்தேன். "அவரில்லீங்க! அவரில்லீங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. "யோவ், நீதானய்யா சொன்ன?" என்று ஒருவன் என்னைத் தள்ளினான். நியாயமான கேள்வி. அவர் சகேயு என்று பிள்ளை நினைத்துக்கொண்டது, அதனால் அவர் வீட்டுக்குப் போக வண்டியில் ஏறிக்கொண்டது என்று நடுரோட்டில், கை ஓங்கி நிற்கிற கூட்டத்திடம் எப்படி விளக்குவது? என்னையும் சேர்த்து மொத்தியிருப்பார்கள்.

என் மூளை அப்போது வேலையை நிறுத்திவிட்டது. வாய்தான் தானாக, இருபது வருடப் பழக்கத்தில், அடங்காத வகுப்பைப் பார்த்ததும் வருகிற அந்தக் குரலில், இரண்டு கையையும் படபடவென்று தட்டிக் கத்தியது:

"எல்லாரும் ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!"

சொன்னால் நம்பமாட்டீங்க. அந்தத் தாடிக்காரன், ஓங்கிய கையை அப்படியே இறக்கி, ஒரு விரலை உதட்டில் வைத்தான். பக்கத்தில் இரண்டு பேர் வைத்தார்கள். எல்கேஜி படித்த உடம்பு அது, மறக்கவில்லை. தான் செய்ததைத் தாடிக்காரன் தானே பார்த்து, விரலை எடுப்பதா வேண்டாமா என்று முழித்தான். பின்னால் யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாலர் வகுப்பிலும் அதுதான் கணக்கு. ஷைனி கொண்டுவந்திருந்த தாளை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். குள்ளமான ஆள், மரம், இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். நடுரோட்டில் சகேயு கதையைச் சொன்னேன். மஞ்சள் தொப்பியைக் காட்டினேன், ஒயரைக் காட்டினேன். கடைசியில், "தூக்கிட்டுப் போயிட்டான்னு நான் சொன்னது எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்லைங்க. பயத்துல சொன்னது. அடிக்கறதுனா இங்க அடிங்க," என்று என் கன்னத்தைக் காட்டிவிட்டு, யாராவது நிஜமாகவே அடித்துவிடுவார்களோ என்று உடனே இரண்டடி பின்னால் போனேன்.

தாடிக்காரன் ஜெனியிடம் குனிந்தான். "கண்ணு, இவரு உன்னத் தூக்கீட்டு வந்தாரா?"

"இல்லீங்க. நானேதான் ஏறுனேன். இவரு ஊட்டுக்குப் போறோம்."

அப்புறம்தான் அந்த மனிதருக்கே நினைவு வந்தது. "ஆமாங்க... மரத்துக்குக் கீழ நின்னு இந்தப் புள்ள ஏதோ கேட்டுது. உங்க பேரு சகேயுங்களானு கேட்டுது. ஆமா கண்ணுன்னேன். உங்க ஊட்டுக்கு வரட்டுமானு கேட்டுது. வா, போலாம்னேன். சும்மா சொன்னேனுங்க. ஏணியத் தூக்கிக் கட்டீட்டுக் கதவ இழுத்துச் சாத்தீட்டு வந்துட்டேன். உள்ள பாக்கவே இல்லீங்க."

சும்மா சொன்னேனுங்க. நாம் எல்லோரும் தினமும் பிள்ளைகளிடம் சொல்வதுதான். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்க, தங்கச்சிகளே. கதவைச் சந்தேகப்படுங்க, கொக்கியைச் சந்தேகப்படுங்க, சத்தமே இல்லாத பாலர் வகுப்பைக் கட்டாயம் சந்தேகப்படுங்க. பிள்ளை கோட்டைத் தாண்டி அடித்தால், திருத்துவதற்கு முன்னால் அது பார்க்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும், கீழே உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்க. மனிதர்களைச் சந்தேகப்படுவது கடைசியில். அதுவும் வாயைத் திறக்காமல்.

ஜெனியின் அம்மா வந்து சேர்ந்தாள். வண்டியை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கள நம்பித்தானுங்கண்ணா விட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

பைக்குகள் ஒவ்வொன்றாக நழுவின. தாடிக்காரன் மட்டும் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிள்ளை கிடைத்துவிட்டது என்று ஷைனி போலீசுக்குச் சொல்லிவிட்டாள். கிளம்பலாம் என்றால் ஜெனி வரமாட்டேன் என்கிறாள்.

"இவரு ஊட்டுக்குப் போகோணும்."

"இன்னொரு நாள் போலாம் சாமி," என்றேன்.

"இன்னிக்குன்னு சொன்னேனுங்க."

கதையிலும் இன்றைக்கு என்றுதான் வருகிறது. அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் திரும்பினாள். "ஏனுங்க, உங்களுக்கு இவ்வளவு பண்ணிப்போட்டு இதையும் கேக்கறது தப்புத்தான். ஊடு பக்கமுங்களா?"

அவர் கிழிந்த பாக்கெட்டை ஒரு கையால் நெஞ்சோடு பொத்திக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"கோவில்பாளையந்தானுங்க," என்றார் கடைசியில். "வாங்க. புள்ள கேக்குதில்ல."

லைன் வீடு. வாசலில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வேனும், பின்னால் இரண்டு ஸ்கூட்டரும் வந்து நின்றதும் எழுந்துவிட்டார்.

"யாருங்க இவிங்கல்லாம்?"

"வேலை செய்யற பக்கம் தெரிஞ்சவிங்க," என்றார் அவர். கை பாக்கெட்டிலேயே இருந்தது.

"ஒறம்பரை வருதுன்னு ஒரு போன் பண்ணக்கூடாதுங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. உக்காருங்."

ஜெனி நேராக உள்ளே போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "சகேயு ஊடு இதுங்களா?"

"சகேயு யாரு சாமி?"

ஜெனி கையை நீட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "இவரா? இவரு பேரு அதில்லையே," என்று அவர் பேரைச் சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அவர் வண்டி நம்பரை எழுதி வைத்தேன், ஹெல்மெட் கலரை ஊருக்கே சொன்னேன். பேரைக் கேட்கவில்லை. இருபது வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன், மரத்தடியில் முதலில் நடப்பதே பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான். அந்தப் பேரை உங்களுக்கும் சொல்லமாட்டேன். அவரைப் பற்றி ஊருக்கு நான் சொன்னது போதும்.

டீ வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். அவருக்குத் தம்ளரை நீட்டியபோது அவர் மனைவி பார்த்துவிட்டார்.

"அதென்னங்க, கைய அங்கயே வெச்சுட்டிருக்கறீங்க? எடுங்க பாக்கலாம்... அய்யோ, புதுச் சட்டை! பாக்கெட்டு எப்படிங்க கிழிஞ்சுது?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"மரத்துல ஏறுனேன்ல," என்றார் அவர். "கொம்பு இழுத்துப்போட்டுது."

இல்லீங்க அம்மணி, மரம் இல்லை, நான்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மனைவி முதுகைத் திருப்பி ஊசி நூலைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே, மெதுவாக, ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தார்.

நானும் வைத்துக்கொண்டேன்.